சிவப்புக்கு ஒரு முடிச்சு

பல்கலைக்கழக விடுதி,
11-6-1961

அன்புள்ள சைதூன் அக்காவுக்கு,

உன் தம்பி பரீது ஸலாம் சொல்லி எழுதுகிறேன். ரயிலில் வந்த களைப்பு இன்னும் தீரவில்லை, உட்கார்ந்தால் தரை ஆடுகிற மாதிரி இருக்கிறது. சந்தோஷச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். விமானவியல் வகுப்பில் எனக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். பாடம் ஒரு பக்கம், பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் பைலட் பயிற்சி ஒரு பக்கம். இரண்டையும் முடித்தால் லைசென்ஸ். வாப்பாவுக்கு இதுவரை படித்துக் காட்டு. இனிமேல் வருவது உனக்கு மட்டும்.

வடக்கே இவ்வளவு தூரத்தில் தமிழ் பேச எனக்கு இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். ஒருவன் ஏசுவடியான், ஆலங்குளத்துக்காரன், என் வகுப்பு, என் அறை. இன்னொருவர் கடற்கரை அண்ணாச்சி, உவரிப் பக்கத்துக்காரர். மைதானத்து டவரில் நின்று விமானங்களுக்குச் சிக்னல் விளக்குக் காட்டுவது அவர் வேலை. "நம்ம ஊர்ப் பிள்ளையளாடே? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துருங்க, மீன் கொழம்பு வைக்கச் சொல்லுதேன்" என்றார். போய்ச் சாப்பிட்டும் வந்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் வைத்தியப் பரிசோதனை. கண்ணுக்கு ஒரு புத்தகம் காட்டுவார்களாம். பக்கம் முழுக்கப் பல நிறப் புள்ளிகள், நடுவில் ஓர் எண். நிறம் பிரிகிறவன் கண்ணுக்கு எண் தெரியும். என் கண்ணுக்கு என்ன தெரியும் என்பது உன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் அதே புத்தகம், அதே வரிசை என்று ஏசுவடியான் சொல்லுகிறான். உன் சிநேகிதி ரெபேக்காள் கண் டாக்டரிடம்தானே நர்சாக இருக்கிறாள்? எண்களை மட்டும் எழுதி அனுப்பு அக்கா, மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

ராட்டையில் நீ சுற்றித் தரும் ஒவ்வொரு தாரிலும், அந்த நூல்சுருளின் வாலில், முடிச்சுப் போட்டுத் தருவாயே, சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு! அதைத் தடவிப் பார்த்தே நான் கட்டம் தவறாமல் கைலி நெய்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாப்பாவுக்கே தெரியாது. இதுவும் அப்படி ஒரு முடிச்சு என்று வைத்துக்கொள்.

உன் தம்பி,
பரீது


தென்காசி,
24-6-1961

தம்பி பரீதுக்கு,

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். கணக்கு வாத்தியாராகப் போ என்றேன், கேட்டாயா? ஊரில் எத்தனையோ படிப்பு இருக்க, நிறம் பார்க்கிற படிப்புக்குத்தான் நீ போக வேண்டுமா?

உன் கடிதத்தை இரண்டு நாள் முந்தானையில் முடிந்துவைத்திருந்தேன். முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வாப்பா குற்றாலத்திலிருந்து வந்தார். சீசன் நன்றாக இருக்கிறது, அருவிக்கரையில் துண்டும் கைலியும் விற்றுவிட்டு வருகிறார். கூடப் போன முகம்மது கனி சொல்லிச் சிரிக்கிறான்: "துண்டு வாங்குத ஆளையெல்லாம் நிறுத்திவச்சு, 'என் மவன் ஏரோப்ளான் ஓட்டப் படிக்கான்வே'னு சொல்லுதாரு. ஒரு ஆளு குளிச்சு முடிச்சு குளிருல நடுங்கிக்கிட்டு நிக்கான், இவரு விடுவனாங்காரு." வாப்பாவும் கூச்சப்பட்டுக்கொண்டு சிரித்தார். உம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்கு மேல் என்னால் முடியாது என்று எழுத முடியவில்லை.

கண்ணில் நீர் வடிகிறது என்று வாப்பாவையே ரெபேக்காளிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து அறையில் நான் புத்தகத்தைப் பார்த்தேன். நான் சும்மா பார்க்க ஆசைப்பட்டேன் என்றே ரெபேக்காள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். எண்கள் தனித்தாளில் இருக்கின்றன. மனதில் ஏறியதும் நெருப்பில் போடு.

வாசலுக்கு வரும்போது வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கண்ணைப் பாக்கதுக்கு இம்புட்டு தூரம் கூட்டியாந்தியேட்டி" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

சைதூன்


பல்கலைக்கழக விடுதி,
19-11-1961

அக்காவுக்கு,

தனியாகப் பறந்துவிட்டேன்! முன் இருக்கையில் இத்தனை நாள் சர்தார்ஜி மாஸ்டரின் தலைப்பாகைதான் எனக்கு ஆகாயத்தை மறைத்துக்கொண்டிருந்தது. நேற்று அவர் இறங்கி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, போ என்றார். ஏறிய பிறகு முன்னால் யாரும் இல்லை. பயமாக இருந்தது, சத்தமாகப் பேசிக்கொண்டே ஓட்டினேன். என்ன பேசினேன் என்று கேட்காதே. பாதி துஆ ஓதியது, பாதி உன்னைத் திட்டியது.

நீ கேட்காமலே ஒன்றைச் சொல்லுகிறேன். எங்கள் பயிற்சி விமானத்தில் ரேடியோ கிடையாது. இறங்கலாமா கூடாதா என்பதை டவரிலிருந்து விளக்கால்தான் காட்டுவார்கள். பச்சை என்றால் இறங்கு, சிவப்பு என்றால் இறங்காதே, இன்னொரு சுற்று சுற்றி வா. மாஸ்டர் கூட இருந்தவரை அவர் கண் இருந்தது. தனியாகப் பறக்கும்போது என்ன செய்வது என்று புரியாமல் கடைசியில் ஏசுவடியானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் அந்த ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தான். காலையில் எழுந்து, "ஏலே, எங்கிட்ட குடை இருக்குல்லா?" என்றான்.

அதுதான் ஏற்பாடு. நான் இறங்க வரும்போது அவன் வேலிப் பக்கம் நிற்பான். விளக்கு சிவப்பு என்றால் குடையை விரிப்பான், பச்சை என்றால் மடக்கிப் பிடித்திருப்பான். மாஸ்டர் கூட இருந்தபோதே ஒத்திகை பார்த்துக்கொண்டோம், மேலிருந்து பார்த்தால் கறுப்பு வட்டம் நன்றாகத் தெரிகிறது. வெயில் தாங்காத பிள்ளை என்று மாஸ்டர்கள் அவனைக் கேலி செய்கிறார்கள். நீ போட்ட முடிச்சை இப்போது அவன் போடுகிறான், அவ்வளவுதான்.

பரீது


தென்காசி,
2-12-1961

தம்பிக்கு,

நீ தனியாகப் பறந்த சேதியை வாப்பாவிடம் சொன்னேன். பள்ளிவாசலில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு வந்தது, வாயில் போடாமல் சுவர்ப் பிறையில் வைத்திருக்கிறேன்.

குடை விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. தறியில் முடிச்சு தப்பினால் என்ன ஆகும்? ஒரு கைலி வீணாகும், வாப்பா சத்தம் போடுவார், பிரித்து நெய்யலாம். ஆகாயத்தில் பிரித்து நெய்ய முடியுமா? ஏசுவடியான் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் என்ன செய்வாய்? அவன் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டால்? நாளைக்கு வேறு ஊரில், வேறு டவரில், உனக்காக யார் குடை பிடிப்பார்கள்?

இப்போதெல்லாம் சிவப்பு நூலை எடுத்தால் ராட்டையில் மாட்டக் கை தயங்குகிறது பரீது. அந்தத் தாளை நான் அனுப்பியிருக்கக் கூடாது. நீ மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிடு. பறக்கிற வேலை வேண்டாம், எஞ்சினைப் பார்க்கிற படிப்பு இருக்கிறது என்று நீதானே முன்பு எழுதினாய்? அதற்கு மாற்றிக்கொள். வாப்பாவிடம் நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

சைதூன்


பல்கலைக்கழக விடுதி,
12-12-1961

அக்காவுக்கு,

தறிக்குழியைத் தாண்டாதவளுக்கு ஆகாயத்தைப் பற்றி என்ன தெரியும்? எனக்குப் பயம் இல்லை, நீ அங்கே உட்கார்ந்துகொண்டு பயத்தைத் தபாலில் அனுப்பாதே. எண்களை எழுதி அனுப்பியது நீதான். அப்போது தயங்காத கை இப்போது எதற்குத் தயங்குகிறது?

இந்த மாதிரி எழுதுவதானால் எழுத வேண்டாம்.

பரீது


பல்கலைக்கழக விடுதி,
29-7-1962

அக்கா,

ஏழு மாதமாக நீ எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று சொன்னவன் நான். இப்போது உன்னைத் தவிர யாரிடம் சொல்லுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். படித்து முடிக்கிறவரை கிழித்துவிடாதே.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் மேலே இருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எனக்கு முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையிலேயே சக்கரம் முறிந்து நின்றுவிட்டது. அது எனக்குத் தெரியாது. மழைத்திரையில் கீழே எதுவும் சரியாகப் புலப்படவில்லை. டவரில் விளக்கு மின்னியது, அது எனக்கு வெறும் வெளிச்சம். வேலிப் பக்கம் பார்த்தேன். ஏசுவடியானின் குடை விரிந்திருந்தது.

விரிந்த குடையைப் பார்த்துவிட்டு நான் இறங்கினேன் அக்கா. மழை பெய்கிறதே, மழைக்காக விரித்திருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

அவன் மழைக்காக விரிக்கவில்லை. விளக்கு பச்சையாக இருந்தவரை அவன் தொப்பலாக நனைந்துகொண்டு குடையை மடக்கியே வைத்திருந்திருக்கிறான். பார்த்தவர்கள் இவனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். விளக்கு சிவப்பானதும்தான் விரித்தான். மழை வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொள்ளவே இல்லை. குற்றாலத்துச் சாரலில் வளர்ந்தவன் நான், எனக்கு அது தோன்றவில்லை பார்!

நான் இறங்கியே தீருவேன் என்று தெரிந்ததும் அவன் குடையை ஆட்டிக்கொண்டு ஓடுபாதைக்கு ஓடி வந்தான். நின்ற விமானத்தைக் கடைசி நொடியில் பார்த்து நான் ஒடித்துத் திருப்பினேன். இறக்கை அவனை அடித்துவிட்டது. வலது கை முழங்கையில் நொறுங்கியிருக்கிறது. இனி மடங்காது என்கிறார் டாக்டர். அவனுக்கு அடுத்த மாதம் லைசென்ஸ் பரீட்சை. என் மீது ஒரு கீறல்கூட இல்லை.

இன்னும் இருக்கிறது. விசாரணை வைத்தார்கள். "விளக்கு என்ன நிறம்?" என்று கேட்டார்கள். பச்சை என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கடற்கரை அண்ணாச்சி, சிவப்புத்தான் காட்டினேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கண் பரிசோதனையில் ஒரு தப்புக்கூட இல்லாமல் தேறிய மாணவன் என்று என் காகிதத்தைப் பார்த்தார்கள், அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். கடைசி விசாரணை அடுத்த மாதம் இருபதாம் தேதி. அன்றும் நான் இதையே சொன்னால் அவருக்கு வேலை போய்விடும், குடியிருக்கும் வீடும் போய்விடும். அவர் வீட்டு மீன் குழம்பைத் தின்ற வாய் அக்கா இது.

ஏசுவடியான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நீயே சொல்லுலே" என்றான். அவ்வளவுதான்.

சொன்னால் என்னைத் துரத்திவிடுவார்கள். வாப்பா குற்றாலத்தில் யார் முகத்தில் முழிப்பார்? நான் என்ன செய்ய? சும்மா இரு என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் சும்மா இருந்துவிடுவேன்.

பரீது


தென்காசி,
7-8-1962

தம்பி பரீதுக்கு,

சும்மா இரு என்று நான் எழுதுவேன் என்று நினைத்துத்தான் எனக்கு எழுதியிருக்கிறாய். போன வருஷம் நீ கேட்டதைச் செய்தேன். இன்னொரு தடவை என்னால் முடியாது.

உன்மேல் கோபம் இருக்கிறது. அதைவிட என்மேல் இருக்கிறது. அந்தப் பையனுடைய கையை நினைத்தால் சோற்றில் கை வைக்கக் கூசுகிறது. அந்தக் கையை உடைத்ததில் பாதி நான். நீ ஏழு மாதத்துக்கு முன்னால் எழுதியது சரிதான், எண்களை அனுப்பியது நான். உண்மையைச் சொல்லிவிட்டாய் என்ற கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன். அக்கா என்று இருந்தவள் அன்றைக்கே உன் மாஸ்டருக்கு ஒரு கார்டு போட்டிருக்க வேண்டும். ரோஷம் பார்த்தேன். என் ரோஷத்துக்கு அவன் கை போயிற்று.

இருபதாம் தேதி நீ உண்மையைச் சொல். நம்ப மாட்டார்கள் என்பாய். ஊர்க்கார அண்ணாச்சியைக் காப்பாற்றப் பொய் சொல்லுகிறான் என்பார்கள், உன் காகிதம் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. அதனால் இதோடு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். உள்ளே நான்கு தார் இருக்கின்றன. சிலது சிவப்பு, சிலது பச்சை. எது எது, எத்தனை எத்தனை என்று நான் எழுதப்போவதில்லை. முடிச்சும் போடவில்லை. பிரிக்காமல் அவர்கள் மேஜையில் வைத்து, அவர்கள் முன்னாலேயே பிரி.

நம் தொழிலில் நூலுக்கு வால் இருக்கிறது, முடிச்சுப் போட்டேன். வெளிச்சத்துக்கு வால் இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வாப்பாவிடம் நானே சொல்லுகிறேன். நீ அதை நினைத்து வாயை மூடிக்கொள்ளாதே.

சைதூன்


பல்கலைக்கழக விடுதி,
22-8-1962

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நீ நினைத்த மாதிரியேதான் நடந்தது. விசாரணைத் தலைவர் என் காகிதத்தைத் தட்டிக் காட்டி, "யாரைக் காப்பாற்ற இந்தக் கதை?" என்று கேட்டார். பொட்டலத்தை மேஜையில் வைத்துப் பிரித்தேன். சிவப்பை ஒரு பக்கம், பச்சையை ஒரு பக்கம் பிரித்து வை என்றார்கள். என் விரல்கள் முதலில் நூல் வாலைத்தான் தேடின. ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு மாதிரி இரண்டு இரண்டாக வைத்தேன். சர்தார்ஜி மாஸ்டர் எழுந்து வந்து மூன்று தாரை எடுத்து ஒரு பக்கம் வைத்தார், ஒன்றை மட்டும் இன்னொரு பக்கம் வைத்தார். பிறகு வெளியே போய்விட்டார். அவர் எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் அக்கா.

எண்கள் எப்படிக் கிடைத்தன என்று கேட்டார்கள். புத்தகத்தை நானே பார்த்தேன் என்று சொன்னேன். உன் பெயரையும் ரெபேக்காள் பெயரையும் சொல்லவில்லை. அந்த ஒரு பொய்யை மட்டும் மன்னித்துக்கொள்.

அண்ணாச்சியை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வாசலில் அவர் காலில் விழப் போனேன். விடவில்லை. "செவப்புன்னு நான் அம்புட்டு அடிச்சுச் சொன்னேன்லாடே. 'எனக்குத் தெரியல'ன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா? எம் பொண்டாட்டியே என்னைய நம்பலியே" என்றார். அடித்திருந்தால் தேவலை.

எனக்குப் படிப்பு போய்விட்டது. இனி இந்த நாட்டில் எங்கேயும் நான் விமானத்தைத் தொட முடியாது. அது சரிதான். அறையில் ஏசுவடியான் இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறான். ஒவ்வோர் எழுத்துக்கும் அவன் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து போகவும் கால் வரவில்லை. நான் சொல்லிவிட்டேன் என்றதும் தலையை நிமிர்த்தாமல், "குடையை எடுத்துட்டுப் போ, எனக்கு வேண்டாம்" என்றான். அவன் அப்பா வந்து அவனை அழைத்துப் போகிறார்.

நான் தென்காசிக்கு வரலாமா அக்கா? வாப்பா என்ன சொல்லுகிறார்? வர வேண்டாம் என்றால் அதையும் எழுது, எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்கிறேன்.

பரீது


தென்காசி,
31-8-1962

தம்பிக்கு,

வா. ஆனால் நேராக வீட்டுக்கு இல்லை. திருநெல்வேலியில் இறங்கி நில், நான் வருகிறேன். இரண்டு பேருமாக ஆலங்குளம் போவோம். ஏசுவடியானின் அம்மா நம்மை உள்ளே கூப்பிட்டாலும் சரி, வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டினாலும் சரி, நின்று கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மன்னிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வராதே. நானும் அப்படி நினைக்கவில்லை. அந்தக் குடையை மறக்காமல் எடுத்துவந்து அவர்கள் வீட்டில் கொடு.

ரெபேக்காளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னோடு பேசுவதில்லை.

வாப்பாவிடம் சொன்னது பதினைந்து நாளைக்கு முன்பு. தாரில் முடிச்சுப் போட்டுத் தந்ததையும், புத்தகம் பார்க்க அவர் கண்ணைச் சாக்கு வைத்ததையும் சேர்த்தே சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். துண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் போனார். சாயங்காலம் முகம்மது கனி வந்து சொன்னான்: "இன்னைக்கு ஒரு ஆளுட்டயும் ஒண்ணும் பேசல. வழக்கமா வாங்குத ஒருத்தர், 'ஏரோப்ளான் மவன் நல்லாருக்கானா?'ன்னு கேட்டாரு. நல்லாருக்கான்னு மட்டும் சொன்னாரு." அதற்கு அப்புறம் அவர் அருவிப் பக்கம் போகவே இல்லை.

உன் கடிதம் முழுவதையும் நேற்று படித்துக் காட்டினேன். நூலைப் பிரித்து வைத்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "சின்னப் பிள்ளையில செவப்புக் கட்டத்துல பச்சைய விட்டு நெய்ஞ்சுட்டான்னு அவனை அடிச்சேன்லாட்டி. 'ரெண்டும் ஒண்ணுதானே வாப்பா'ன்னு அழுதான். வாய்க் கொழுப்புல பேசுதான்னுட்டு இன்னும் ரெண்டு போட்டேன். அவன் உள்ளதைச் சொல்லியிருக்கான். அன்னைக்கு நான் அடிக்காம இருந்திருந்தா அவன் மறைச்சிருக்கவே மாட்டான்" என்றார். வாப்பா அழுது நான் பார்த்தது உம்மா மௌத்தான அன்று, அதற்குப் பிறகு நேற்று.

இன்று காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர் தறியில் உட்காரவில்லை. நான் சுற்றிவைத்திருந்த தார்க்கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நூலில் ஒரு முடிச்சு கண்ணில் பட்டால் கூடையையே வீசி எறிகிறவர், உனக்குத் தெரியும். நீர் வடிகிற கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு தாரின் வாலைத் தேடிப் பிடித்தார். தயங்கி என்னைப் பார்த்தார்.

"செவப்புக்கு ஒண்ணா, ரெண்டாட்டி?"

ஒன்று என்றேன். போட்டுக்கொண்டிருக்கிறார். நீ எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது.

சைதூன்